கஞ்சிப்பாசியும் கந்தகமும்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எடுக்கப்படும் சிவப்புப் பாசிகளில் இரண்டு நெடுங்காலமாகத் தனித்தனி விலைக்குப் போகின்றன. கல்லிலும் பவளப்பாறையிலும் குட்டையாக ஒட்டி வளரும் மரிக்கொழுந்துப் பாசிக்கு விலை அதிகம். நீண்ட கொத்தாகச் செழிக்கும் கஞ்சிப்பாசிக்குக் குறைவு. தாவரவியலில் முன்னது ஜெலிடியெல்லா அசெரோசா, பின்னது கிராசிலேரியா எடுலிஸ். இரண்டையும் வேகவைத்து வடித்தால் கிடைப்பது, ஆறினால் கூழாக உறையும் அகார்தான். ஆனாலும் விலை பிரிகிறது. அந்த அகாரின் சர்க்கரைச் சங்கிலியில் எவ்வளவு கந்தகம் ஒட்டியிருக்கிறது என்பது அதற்கு முக்கியக் காரணம்.

கடல்நீரில் கந்தகத்துக்குக் குறைவில்லை. ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் உண்டு. ஆனால் சல்ஃபேட் மந்தமானது. உயிரணு அதை அப்படியே எடுத்து எதனோடும் இணைத்துவிட முடியாது. பாசி முதலில் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் ஆற்றலைச் செலவிட்டு அதை வினைத்திறன் மிக்க சேர்மமாக மாற்றிக்கொள்கிறது. பாப்ஸ் எனச் சுருக்கி அழைக்கப்படும் இந்தச் சேர்மத்தை 1950-களில் உயிர்வேதியியலாளர் ஃபிரிட்ஸ் லிப்மானின் ஆய்வகம் இனங்கண்டது. அதிலிருந்து நொதிகள் சல்ஃபேட்டைக் கழற்றி, காலக்டோஸ் என்னும் சர்க்கரையின் சங்கிலியில் ஏற்றுகின்றன. உள்ளே வந்த சல்ஃபேட்டில் இன்னொரு பங்கு சல்ஃபைடாக ஒடுக்கப்பட்டு, சிஸ்டீனாகவும் குளூட்டாதயோனாகவும் ஆகிறது. கடும் வெயிலில் உண்டாகும் ஆக்சிஜனேற்றிகளின் தாக்குதலிலிருந்து உயிரணுவைக் காப்பதில் குளூட்டாதயோனின் கந்தகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பாசிகள் சிலவற்றில் கந்தகம் மற்றொரு சேர்மமாகவும் சேமிக்கப்படுகிறது. அது சிதையும்போது வெளிவரும் டைமெத்தில் சல்ஃபைடு கடற்கரை மணத்தின் முக்கியக் கூறு. எடுத்த பாசியை ஈரத்தோடு குவித்து வைத்தால் நிலைமை மாறும். உள்ளே காற்றில்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக்க, குவியல் கறுத்து நாறும். கரைக்கு வந்ததும் பாசியை மணலில் விரித்துக் காயவைப்பது இதனால் அவசியமாகிறது.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் இந்தப் பாசிகளின் பயன் பழையது. கரையோர மக்கள் கிராசிலேரியாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் நேரத்துக் கடற்பாசி இன்றும் பிரியமான இனிப்பு. 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்கள், யாழ்ப்பாணம், கற்பிட்டிப் பகுதிகளில் எடுத்த பாசியை இலங்கைப் பாசி என்று குறித்து, அதைப் பதப்படுத்தும் முறையையும் சொல்கின்றன. பாயில் பரப்பி உலர்த்தி, நன்னீரில் பலமுறை அலசி, ஒவ்வொரு முறையும் வெயிலில் போட்டு வெளுக்கவைப்பார்கள். இந்த அலசல் உப்பையும், தனியே கரைந்திருக்கும் சல்ஃபேட்டையும் நீக்கும். சங்கிலியோடு இணைந்துவிட்ட சல்ஃபேட்டை எத்தனை முறை அலசினாலும் நீக்க முடியாது.

சமையற்கட்டுப் பொருளான அகாருக்கு 1880-களில் புதிய தேவை பிறந்தது. ஜெர்மன் பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்க ஜெலட்டின் பயன்பட்டது. வெப்பத்தில் அது உருகிவிடும். ஜாவாவிலிருந்து வந்த சமையல் வழக்கத்தை அறிந்திருந்த, அங்கே பணியாற்றிய ஒருவரின் மனைவியான ஃபேனி ஹெஸ்ஸே அதற்கு மாற்றாக அகாரைச் சொன்னார். அதன்பின் ஆய்வகங்கள் ஜப்பானை நம்பியிருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகார் வரத்து நின்றபோது பல நாடுகள் தம் கரைகளில் பாசி தேடின. இந்தியாவிலும் 1940-களில் சோதனைகள் நடந்தன. 1947-இல் தொடங்கப்பட்டு விரைவிலேயே ராமநாதபுரக் கரையின் மண்டபம் முகாமுக்கு வந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பாவ்நகரில் 1954-இல் உருவான மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தக் கரையின் பாசிகளை ஆராய்ந்தன. வணிக அளவில் பாசி எடுப்பது 1966-இல் தொடங்கியது. மதுரையில் அகார் ஆலைகள் பெருகின.

அகாரில் கந்தகம் சல்ஃபேட் எஸ்டராக இருப்பதை நியூபெர்க்கும் ஓலேயும் 1921-இல் காட்டியிருந்தனர். கூழின் உறுதிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மெல்லத்தான் தெளிவானது. அகார் ஆறும்போது சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வலையாகின்றன. காலக்டோஸின் ஆறாம் கார்பனில் சல்ஃபேட் இருந்தால் அந்த இடத்தில் முறுக்கு உடைகிறது. அதன் எதிர்மின் சுமையும் சங்கிலிகளை விலக்குகிறது. மரிக்கொழுந்துப் பாசியில் சல்ஃபேட் குறைவு, ஆகவே கூழ் கெட்டி. கஞ்சிப்பாசியில் கூடுதல், ஆகவே தளர்வு. சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் பாசியைச் சூடாக்கினால் அந்தச் சல்ஃபேட் விடுபட்டு, மூன்றாம் கார்பனுக்கும் ஆறாம் கார்பனுக்கும் இடையில் பாலம் விழுகிறது, கூழ் வலுக்கிறது. இதே வேலையைச் சிவப்புப் பாசி தன் நொதியால் செய்வதை 1961-இல் வேதியியலாளர் டி. ஏ. ரீஸ் கண்டறிந்தார். ஆலையின் காரத் தொட்டியில் நடப்பதைப் பாசி கடலுக்குள்ளேயே, சூடும் காரமும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது என்பது இந்த வரலாற்றின் மிக அழகான கண்டுபிடிப்பு. பாசியை முதிர விட்டால் இந்த மாற்றத்துக்கு நேரம் கிடைக்கும்; முதிர விட்டு எடுப்பதன் நியாயமும் இதில் இருக்கிறது.

எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாம்பன் அருகே சின்னப்பாலம் முதல் ஏர்வாடி வரையுள்ள ஊர்களிலிருந்து படகேறித் தீவுகளுக்குப் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். அவர்கள் பாசி எடுத்துவந்த 21 தீவுகளும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாயின. அங்கே பாசி எடுப்பது குற்றமாயிற்று. பெண்கள் தாமாகவே எடுக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டனர், வேரோடு பிடுங்குவதைத் தவிர்த்தனர். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்போருக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது இந்தப் பணிக்காகவே. பாசியைக் காத்தவர்களுக்குக் கடலில் உரிமை மட்டும் இன்னும் உறுதியாகவில்லை, இது அநீதி.

கப்பாஃபைகஸ் அல்வரேசி என்னும் அயல்நாட்டுச் சிவப்புப் பாசி வந்தபோது கந்தகத்தின் கணக்கே தலைகீழானது. இதிலுள்ள கப்பா காராஜீனன் என்னும் கூழ்ப்பொருளில் இரு சர்க்கரைக்கு ஒரு சல்ஃபேட் இருந்தே ஆகவேண்டும். பொட்டாசியம் சேர்ந்தால் அது கெட்டியாகும், பாலின் புரதத்தோடும் இணையும். இந்தப் பாசியைப் பாவ்நகர் நிறுவனம் 1980-களில் குஜராத்தில் வளர்த்துப் பார்த்து, 1990-களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. 2000-இல் பெப்சி நிறுவனம் ஒப்பந்த வளர்ப்பில் இறங்கியது. மகளிர் குழுக்கள் பாக் நீரிணைப் பக்கத்தில் மூங்கில் மிதவைகளில் பாசித் துண்டுகளைக் கட்டி, 45 நாள் அளவில் அறுவடை செய்தன. 2008-இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் இது படர்ந்திருப்பது பதிவானது. 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெப்பத்தாலும் நோயாலும் பாசி பெருமளவு மடிந்து, வளர்ப்பு சரிந்தது. பின்னர் மெல்ல மீண்டது.

அறுத்த பாசியைக் காயவைக்காமல் அரைத்துப் பிழியும் முறையையும் பாவ்நகர் நிறுவனம் உருவாக்கியது. சாறு பயிர்களுக்குத் தெளிக்கும் திரவ உரமாகிறது. சல்ஃபேட் ஏறிய காராஜீனன் சாற்றோடு போகாமல் சக்கையிலேயே தங்கிவிடுவதால், ஒரே பாசி இரண்டு பொருளாக விற்கிறது.