ஒலிபெருக்கி ஏன் கரகரக்கிறது?

தஞ்சை வட்டாரத்துக் கச்சேரிகளில், பாட்டுத் தொடங்குமுன் மிருதங்க வித்துவான் இடப்பக்கத் தோலில், அதாவது தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் என்று எண்ணியதுண்டா? தோலின் எடை கூடினால் அதிர்வு மெதுவாகிறது, சுருதி தாழ்கிறது, நாதத்தில் கனம் ஏறுகிறது. இன்று கார்களின் பின்புறத்திலும் திருவிழா ஊர்வல வண்டிகளிலும் நெஞ்சை அதிரவைக்கும் 'சப்வூஃபர்' என்னும் தாழொலிபெருக்கியும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கனமான கூம்பைக் கொண்டே அது தாழ்ந்த ஒலியைத் தருகிறது. ஆனால் திருகைச் சற்று அதிகமாகத் திருப்பிவிட்டால் கரகரக்கிறது, தடதடக்கிறது, சில வேளை கருகியும் போகிறது. காரணம் என்ன? விடை ஒலிபெருக்கியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மேற்சுரங்களின் ஒழுங்கு

முதலில் தோலையே எடுத்துக்கொள்வோம். இழுத்துக் கட்டிய வெறும் வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களும் எழும். அவை அடிப்படை அதிர்வெண்ணைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றி அமைவதால் காதுக்கு வெறும் ஓசையாகவே படும். மிருதங்கம் அப்படியன்று. 1888ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார். 1934இல் மேலும் விரிவாக ஆராய்ந்தார். வலந்தலையின் நடுவே கருநிறமாக ஏற்றியிருக்கும் சோறு, மேற்சுரங்களை ஏறக்குறைய 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பது அவர் கண்ட உண்மை. மேற்சுரங்கள் எப்படி அமைகின்றன என்பதே இசையையும் இரைச்சலையும் பிரிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்பிச்சுருள் பேசிய கதை

காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் சுருள் முன்னும் பின்னும் அசையும். ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ் 1874ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1898இல் இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் இதை மேம்படுத்தினார். ஆயினும் இருவராலும் அதை உரக்கப் பேசவைக்க முடியவில்லை. சிறு மின்குறியைப் பெரிதாக்கும் கருவி அன்று இல்லை என்பதே குறை. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கிய பிறகே வழி பிறந்தது.

1915இல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் அசையும் சுருளுடன் நீண்ட கொம்புக் குழலைப் பொருத்தி, ஒலியைத் தொலைவுக்கு அனுப்பிக் காட்டினர். 1919ஆம் ஆண்டு சான் டியாகோ நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சுமார் 50,000 பேரிடம் பேசியது இவர்கள் கருவியின் வழியாகத்தான்.

கொம்புக் குழல் சிக்கனமானது. சில வாட் ஆற்றலே ஊர் முழுதும் கேட்கப் போதும். நம் ஊர் 'மைக் செட்'டுகளில் மரக்கிளையில் கட்டப்பட்ட கூம்புக் குழாய்கள் அந்த வழி வந்தவையே. ஆனால் அவ்வளவு சிறிய குழாயால் தாழ்ந்த சுரங்களைத் தர முடியாது. பேச்சுக்கு அது போதும். மிருதங்கத்தின் தொப்பிக்குப் போதாது.

இக்குறையைத் தீர்த்தவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவர். கூம்பின் இயல்பு அதிர்வெண்ணை, கேட்க வேண்டிய இசையின் கீழெல்லையை ஒட்டித் தாழ்த்தி வைத்தால் அதற்கு மேலுள்ள சுரங்கள் ஏறக்குறைய சமமாக ஒலிக்கும் என்று 1925ஆம் ஆண்டு அவர்கள் காட்டினர். இன்று உங்கள் வீட்டில் உள்ள ஒலிபெருக்கி அடிப்படையில் அதுவே. 1939ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியபின் காவிரிக் கரையின் இசை இத்தகைய கூம்புகளின் வழியே வீடுகளை அடைந்தது.

எல்லோரும் இதை மகிழ்ந்து வரவேற்றதாகச் சொல்ல முடியாது. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்ற பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கச்சேரியில் ஒலிவாங்கியை விரும்பாதவர் என்பதை இசையுலகம் அறியும். நாகசுரமும் தவிலும் ஒலிபெருக்கி இல்லாமலே நான்கு வீதிகளையும் நிறைத்து வந்த நாட்டில் இது வியப்பன்று.

தாழ்ந்த ஒலியின் விலை

கூம்பின் எடையைக் கூட்டித் தாழ்ந்த ஒலியைப் பெறலாம். ஆனால் கனமான கூம்பை அசைக்க அதிக ஆற்றல் வேண்டும். மேலும், அதே ஒலியழுத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே பெறுவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 40 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். கூம்புக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்பதைக் கணக்கிட்டே அறியும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் வகுத்தனர்.

காரில் இன்னோர் எல்லையும் சேர்கிறது. எஞ்சின் ஓடும்போது கார் மின்கலத்தில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். 4 ஓம் ஒலிபெருக்கிக்கு இதைக்கொண்டு நேரடியாகக் கொடுக்கக்கூடிய தூய சைன் அலையின் ஆற்றல் 14×14÷8, அதாவது ஏறக்குறைய 24 வாட்தான். தனிப் பெருக்கிகள் உள்ளே ஒரு மின்மாற்று அமைப்பை வைத்து வோல்டேஜை உயர்த்திக்கொள்கின்றன. அதற்கும் ஓர் உச்சம் உண்டு.

உச்சம் வெட்டப்படும்போது

உச்சத்துக்கு மேல் கேட்டால் பெருக்கி என்ன செய்யும்? அலையின் தலையையும் அடியையும் வெட்டித் தட்டையாக்கும். வளைந்த சைன் அலை சதுர அலையை நெருங்கும். அப்போது மூலத்தில் இல்லாத 3, 5, 7 மடங்கு மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஒரே சுரம் ஒலித்தால் இவை முழு மடங்குகளே. ஆகவே கடுமையாக இருந்தாலும் சுருதி கெடாது. ஆனால் இசையில் ஒரே நேரத்தில் பல சுரங்கள் உண்டு. 60 ஹெர்ட்ஸும் 85 ஹெர்ட்ஸும் சேர்ந்து வெட்டுப்பட்டால் 35, 110 போன்ற புதிய அதிர்வெண்கள் தோன்றும். அவை எந்தச் சுரத்துக்கும் உறவில்லாதவை. இராமன் விளக்கிய ஒழுங்கு இங்கே குலைகிறது. கரகரப்பு என்பது இதுதான்.

இதில் ஆபத்தும் உண்டு. முழுச் சதுர அலையின் ஆற்றல், அதே உச்சமுள்ள சைன் அலையைப்போல் இருமடங்கு. 100 வாட் பெருக்கியை மிகையாக ஓட்டினால் சுருளில் 200 வாட் வரை இறங்கலாம். அதில் மிகப் பெரும்பகுதி வெப்பமாவதால் சுருள் கருகுகிறது. இத்தனைக்கும் ஆற்றலை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே.

ஓசையே நோயைச் சொல்லும்

ஒலிபெருக்கியின் வரலாற்றில் கண்ட எல்லை ஒவ்வொன்றும் மீறப்படும்போது தனக்கே உரிய ஓசையை எழுப்புகிறது. அந்த ஓசையைக் கேட்டு நீங்களே குறையை அறியலாம்.

ஒலி கூடக்கூடக் கரகரப்பு வந்தால் அலை வெட்டுப்படுகிறது. பெருக்கியிலுள்ள 'கெயின்' திருகைக் குறையுங்கள்; அது உள்ளே வரும் மின்குறியின் அளவுக்கேற்ப அமைக்கும் திருகே தவிர, ஒலியை ஏற்றும் திருகன்று. தாழ்ந்த அடியின்போது மட்டும் 'டக், டக்' என்று உலோகம் மோதினால் சுருள் தன் எல்லையைத் தாண்டிப் பின்தட்டில் இடிக்கிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். பெட்டி பொருத்தமானதா என்றும் பாருங்கள்.

மெல்ல ஒலிக்கும்போதும் உரசல் கேட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு விரல்களால் கூம்பைச் சமமாக மெதுவாக அழுத்துங்கள். உரசுவது தெரிந்தால் சுருள் ஏற்கெனவே கோணிவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, பெரும்பாலும் தரை இணைப்புக் கம்பியின் குறை. அடிக்கு அடி முகப்பு விளக்கு மங்கினால் மின்கலமோ கம்பியோ போதவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் கிணுகிணுத்தால் எண் தகட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். குற்றவாளி அதுவாகவும் இருக்கலாம்.

காதுக்கும் அண்டை வீட்டாருக்கும் எல்லை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரையறுத்துள்ளன.

திருகைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஒலியின் அளவு கூடாமல் அதன் குணம் மட்டும் மாறத் தொடங்கும். வால்வுக் காலம் முதல் இன்றுவரை எல்லாக் கருவிகளுக்கும் அந்த இடம் உண்டு. அதைக் காதால் கண்டுகொண்டு, அதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். உங்கள் ஒலிபெருக்கி நெடுநாள் உழைக்கும்.