லேடர் 49

லேடர் 49, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவரின் பணிவாழ்வைச் சொல்லும் ஆங்கிலத் திரைப்படம். 2004 அக்டோபர் 1 அன்று வெளியானது. லூயிஸ் கோலிக் எழுதிய கதையை ஜே ரஸ்ஸல் இயக்கினார். கேசி சில்வர் தயாரித்தார். டச்ஸ்டோன் பிக்சர்ஸ் பெயரில் வந்த இந்தப் படம் 115 நிமிடம் ஓடுகிறது. வாக்கீன் ஃபீனிக்ஸ் தீயணைப்பு வீரர் ஜாக் மாரிசனாகவும், ஜான் டிரவோல்டா அவருடைய மேலதிகாரி மைக் கென்னடியாகவும், ஜசிண்டா பாரெட் ஜாக்கின் மனைவி லிண்டாவாகவும் நடித்துள்ளனர். எரியும் கட்டடத்தில் சிக்கிய நாயகர் எப்படியும் மீட்கப்படுவார் என்று கடைசிவரை நம்பவைத்துவிட்டு, மீட்பில்லாமலே முடிவதுதான் இப்படத்தின் தனித்தன்மை.

மீட்பில் முடியும் மரபு

தீயணைப்புக் கதைகள் திரைப்படக் கலையோடு சேர்ந்தே பிறந்தவை. அபாய மணி ஒலிப்பது, குதிரை பூட்டிய வண்டிகள் தெருவில் பாய்வது, வீரர் ஏணியேறிப் புகைக்குள் நுழைவது, தோளில் ஓர் உயிரைச் சுமந்து திரும்புவது ஆகிய நான்கையும் வசனமே இல்லாமல் எவரும் புரிந்துகொள்ளலாம். பேசாப் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்காது.

இங்கிலாந்தின் ஹோவ் நகரில் ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இல் எடுத்த 'ஃபயர்!' சில நிமிடங்களே ஓடுவது. எரியும் அறைக்குள் கட்டிலில் கிடப்பவரை வீரர் ஒருவர் சன்னல் வழியே தூக்கிச் செல்கிறார். அடுத்த காட்சியில் அதே சன்னலுக்கு வெளியே, ஏணியில், அந்தச் செயல் தொடர்கிறது. உள்ளே தொடங்கிய அசைவு வெளியே தடையின்றி நீளும் இந்த வெட்டு, படத்தொகுப்புக் கலையின் முதல் படிகளில் ஒன்று.

எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் எடுத்து 1903இல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' இதை அடியொற்றியது. நாற்காலியில் கண்ணயர்ந்த தீயணைப்பு வீரரின் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் தாயும் குழந்தையும் தோன்றுவதோடு படம் தொடங்குகிறது. அடுத்து, தெருவோர அபாயப் பெட்டியைத் திறந்து இழுக்கும் ஒரு கை அண்மைக் காட்சியில் வருகிறது. வீரர்கள் படுக்கையிலிருந்து துள்ளியெழுந்து கம்பத்தில் வழுக்கி இறங்குகிறார்கள், வண்டிகள் பாய்கின்றன. இறுதியில் மீட்பு இரண்டு முறை காட்டப்படுகிறது: முதலில் முழுவதும் அறைக்குள்ளிருந்து, பிறகு மீண்டும் தொடக்கத்திலிருந்து தெருவில் நின்று பார்ப்பதுபோல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வழியே பல்லாண்டுகள் உலவிய பிரதியில் இவ்விரு காட்சிகளும் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் கோக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், இணைநிகழ்வுத் தொகுப்பைக் கண்டுபிடித்தவர் போர்ட்டரே என்று எழுதினர். காப்புரிமைப் பதிவுக்காக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் தாளில் அச்சிட்டு வைத்திருந்த பிரதியை ஒப்பிட்ட பிறகே அந்தக் கோவை பிற்காலக் கைவேலை என்பது உறுதியானது. போர்ட்டரின் காலத்துப் பார்வையாளருக்கு ஒரே மீட்பை இருமுறை காண்பதில் சலிப்பு ஏற்படவில்லை. மீட்பைக் காணத்தான் அவர்கள் வந்திருந்தனர்.

அந்த எதிர்பார்ப்பு ஏறத்தாழ நூறாண்டு நிலைத்தது. ஜான் கில்லர்மின் இயக்கிய 'தி டவரிங் இன்ஃபெர்னோ' (1974) சான் பிரான்சிஸ்கோவில் 138 மாடிக் கற்பனைக் கோபுரம் ஒன்றை எரித்தது. பலர் இறந்தாலும், தீயணைப்புத் தலைவராக வரும் ஸ்டீவ் மக்வீனும் கட்டடக் கலைஞராக வரும் பால் நியூமனும் உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டிகளை வெடிக்கவைத்துத் தீயை வெல்கிறார்கள். ரான் ஹோவர்டின் 'பேக்டிராஃப்ட்' (1991) ஓரடி முன்னே போனது. சிகாகோவின் இரண்டு தீயணைப்புச் சகோதரர்களில் மூத்தவர் அதில் இறக்கிறார். ஆனால் கதை இளையவருடையது. அவர் பிழைத்து, அதே வண்டியில் பணியைத் தொடர்கிறார். சாவு இரண்டாம் இடத்துப் பாத்திரத்தோடு நின்றது. லேடர் 49 அதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை ஒரே நாளில் 343 பேரை இழந்தது. மேலே ஏறிய வீரர் கீழே வந்தே தீருவார் என்ற கதையை அதன்பின் பழைய உறுதியுடன் அமெரிக்கர்களிடம் சொல்ல முடியவில்லை. லேடர் 49 அந்த நாளைப் பற்றிய படம் அல்ல. வேறொரு நகரம், வேறொரு தீ. ஆயினும் அதன் முடிவைப் பார்வையாளர்கள் அந்த நாளின் நிழலிலேயே பார்த்தனர்.

கதை

பால்டிமோரின் கேன்டன் துறைமுகப் பகுதியில் 20 மாடித் தானியக் கிடங்கு ஒன்று எரிகிறது. மேல்தளத்தில் சிக்கிய ஒருவரை ஜாக் மாரிசன் கயிற்றில் கட்டி இறக்கி அனுப்புகிறார். அடுத்த சில நொடிகளில் வெடிப்பு நேர்கிறது. தளம் பிளந்து, ஜாக் பல மாடிகள் கீழே விழுகிறார். தானியக் கிடங்கைத் தேர்ந்ததில் தொழில்சார்ந்த பொருத்தம் உண்டு. மூட்டையில் கிடக்கும் தானியம் மெல்ல எரியும். அதன் தூசு காற்றில் பறக்கும்போதோ ஒரே பொறியில் வெடிமருந்தாக மாறிவிடும்.

காலுடைந்து, இடிபாடுகளுக்கிடையே கிடக்கும் ஜாக் வயர்லெஸில் கென்னடியுடன் பேசுகிறார். வெளியே நின்று கென்னடி மீட்புக் குழுவை உள்ளே அனுப்புகிறார். இடையிடையே ஜாக்கின் பத்தாண்டு வாழ்வு நினைவுகளாக விரிகிறது: நிலையத்துக்குப் புதிதாக வந்த அன்று மூத்தவர்கள் செய்த கேலி, கென்னடி பின்னால் நின்று வழிநடத்த, ஹோஸ் முனையைப் பிடித்துத் தீக்குள் நுழைந்த முதல் நாள், லிண்டாவைச் சந்தித்தது, திருமணம், இரண்டு குழந்தைகள். நண்பர் டென்னிஸ் எரியும் கூரை உடைந்து உள்ளே விழுந்து இறக்கிறார். அதன்பின் ஜாக் தண்ணீர் வண்டியை விட்டு ஏணி வண்டிக்கு மாறுகிறார். இன்னொரு நண்பர் டாமி நீராவியில் வெந்து முகம் சிதைகிறார். ஜாக்கின் குழந்தைகளுக்கும் பயம் தொற்றுகிறது. அலுவலக வேலை தருகிறேன் என்று கென்னடி சொல்லியும் ஜாக்கால் நிலையத்தை விட முடியவில்லை.

ஜாக் மாறிச்செல்லும் இடத்தை அறிந்தால்தான் அவர் செய்த தேர்வின் கனம் விளங்கும். அமெரிக்க நகரங்களில் தீயணைப்புப் பணி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பம்பும் ஹோஸும் தண்ணீரும் கொண்ட 'எஞ்சின்' குழு தீயைத் தேடிச்சென்று அணைக்கிறது. ஏணி, கோடரி, கடப்பாரை, வெட்டுக் கருவிகள் கொண்ட 'லேடர்' குழு கதவை உடைத்து அறை அறையாக ஆட்களைத் தேடுகிறது. புகையும் வெப்பமும் மேலே வெளியேற, கூரையை வெட்டித் திறக்கிறது. எஞ்சின் ஆட்களின் கையில் எப்போதும் தண்ணீர் இருக்கும். தண்ணீர் வரும் முன்பே, பல நேரம் தீக்கு மேலுள்ள தளத்தில், வெறுங்கையாகத் தேடப்போவது லேடர் குழுவின் வேலை. நண்பரின் சாவைக் கண்டபின் ஜாக் ஆபத்து மிகுந்த பக்கத்துக்கு நகர்கிறார் என்பதைப் படம் விளக்கவுரை இல்லாமல் சொல்லிவிடுகிறது. இந்த மாற்றத்தை அறிந்து லிண்டா கோபப்படுவதற்குக் காரணமும் இதுவே.

முடிவு

ஒவ்வொரு நினைவும் முடிந்து நிகழ்காலத்துக்குத் திரும்பும்போது மீட்புக் குழு இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கிறது. நினைவு வளர வளர, இவ்வளவு வாழ்ந்தவர் பிழைக்காமலா போவார் என்ற உறுதி பார்வையாளருக்குள் வளர்கிறது. நினைவோட்ட உத்தியைப் பயன்படுத்திய படங்கள் ஏராளம். அதைக்கொண்டே பார்வையாளரின் நம்பிக்கையைக் கட்டி, அந்த நம்பிக்கையை நிறைவேற்றாமல் விட்டதில்தான் கோலிக்கின் திறம் தெரிகிறது.

சுவரை உடைத்து அடுத்த அறைக்கு வந்துசேர்ந்தால் ஆட்கள் எட்டிவிடுவார்கள் என்கிறார் கென்னடி. ஜாக் அப்படியே செய்கிறார். ஆனால் அங்கிருந்து செல்லும் ஒரே வழியையும் தீ அடைத்துவிட்டது. தன்னைத் தேடி வருபவர்கள் இனி உள்ளே வந்தால் வெளியேற மாட்டார்கள் என்று கண்டு, ஆட்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று ஜாக்கே வயர்லெஸில் சொல்கிறார். கென்னடி மறுத்துப் பார்த்து, வழியின்றி உத்தரவிடுகிறார். பின்னர் கென்னடி வீட்டு வாசலுக்கு வருவதைப் பார்த்ததுமே லிண்டாவுக்குப் புரிந்துவிடுகிறது. தேவாலயத்தில் கென்னடி உரையாற்றி, இறந்தவரின் வாழ்வைக் கொண்டாட எல்லாரையும் எழுந்து நிற்கச் செய்கிறார். உடல் தீயணைப்பு வண்டியில் நகர்வலம் போகிறது.

இந்த உத்தரவு கதைக்காக இட்டுக்கட்டிய உருக்கம் என்று கருதுவது தவறு. தீயணைப்பில் இது பழகிய, கொடிய கணக்கு. காப்பாற்றக்கூடிய உயிருக்காகப் பெரும் ஆபத்தை ஏற்கலாம். காப்பாற்ற முடியாத நிலைக்காக இன்னோர் உயிரைக் கொடுக்கக்கூடாது. 1999 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில், சன்னல்களற்ற கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்தது. உள்ளே ஆட்கள் இருக்கலாம் என்று தேடப்போன இரு வீரர்கள் புகையில் வழி தவறினர். அவர்களைத் தேடிப்போன நால்வரும் திரும்பவில்லை. இன்னும் பலர் உள்ளே போகத் துடித்தபோது, களத்திலிருந்த அதிகாரி வாசலை மறித்து நின்று, இனி யாரும் போகக்கூடாது என்று தடுத்தார். ஆறு பேரோடு சாவு நின்றது அதனால்தான். லேடர் 49 அந்தச் சொல்லை அதிகாரியின் வாயிலிருந்து எடுத்து, சாகப்போகிறவரின் வாயில் வைத்தது. இதனால் ஜாக்கின் கடைசிச் செயலும் ஒரு மீட்பாகிறது. காப்பாற்றப்படுவோர் அவருடைய சகாக்கள்.

பால்டிமோர்

படப்பிடிப்பு பெரும்பாலும் பால்டிமோரிலேயே நகரத் தீயணைப்புத் துறையின் உதவியுடன் நடந்தது. ஃபீனிக்ஸ் அத்துறையின் பயிற்சிக் கழகத்தில் பயின்று, பணியிலிருந்த வீரர்களோடு வண்டியிலும் சென்றுவந்தார். அவர் காற்றுக் குடுவையை முதுகில் மாட்டும் விதத்திலும் தரையோடு ஒட்டித் தவழும் விதத்திலும் அந்தப் பயிற்சி தெரிகிறது. அப்போதைய மேயர் மார்ட்டின் ஓ'மேலி சிறு காட்சியில் தோன்றுகிறார். ஒரு குறை: உண்மைத் தீயில் கைக்கெட்டும் தூரமும் தெரியாத கரும்புகையே மிகுதி, முகங்களைக் காட்டவேண்டிய கட்டாயத்தால் படத்தில் அது மெலிந்திருக்கிறது.

களமாக இந்நகரம் அமைந்தது பொருத்தமே. 1904 பிப்ரவரி 7, ஞாயிறு காலை ஹர்ஸ்ட் கட்டடத்தில் தொடங்கிய பெருந்தீ சுமார் 30 மணி நேரம் எரிந்து, நகரின் வணிகப் பகுதியில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து ரயிலில் விரைந்துவந்த வண்டிகள் பல, வந்தும் பயனில்லாமல் நின்றன. அவற்றின் ஹோஸ் இணைப்பிகள் பால்டிமோரின் தெருக்குழாய்களில் பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரமும் தன் விருப்பப்படி அளவும் மறையும் வைத்திருந்த காலம் அது. மறு ஆண்டே நாடு முழுமைக்கும் ஒரே இணைப்பி அளவு வகுக்கப்பட்டது. ஆனால் பல நகரங்கள் பல பத்தாண்டுகள் கழிந்தும் அந்த அளவை ஏற்கவில்லை.

வரவேற்பு

வெளியான வார இறுதியில் சுமார் 2.2 கோடி டாலர் ஈட்டி, 'ஷார்க் டேல்' அசைபடத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. உலக வசூல் 10 கோடி டாலரைத் தொட்டது. நிலையத்து வாழ்க்கையை மிகையாக மெருகேற்றியுள்ளது, பாத்திரங்களிடம் மனிதக் குறைகளே இல்லை என்று விமர்சகர்களில் ஒரு சாரார் குறைகூறினர். ரோஜர் ஈபர்ட் பாராட்டி எழுதினார். நகைப்பும் குடியும் நட்புமாக நீளும் நடுப்பகுதியைத் தொய்வு என்றவர்கள், அந்தத் தொய்வே கடைசி அரைமணியின் அடித்தளம் என்பதைக் காணத் தவறினர். இசை வில்லியம் ராஸ். ராபி ராபர்ட்சன் எழுதிப் பாடிய 'ஷைன் யுவர் லைட்' படத்துக்காகவே உருவானது.

பின்னர் வந்த தீயணைப்புப் படங்களுள் ஜோசப் கொசின்ஸ்கியின் 'ஒன்லி தி பிரேவ்' (2017) குறிப்பிடத்தக்கது. அரிசோனாவின் யார்னெல் குன்றுத் தீயில் 2013 ஜூன் 30 அன்று இறந்த 19 வீரர்களின் கதை அது.