கலிபோர்னியாவின் ஜீவனாம்சக் கணினி

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் குழந்தைக்காக மாதாமாதம் தர வேண்டிய ஜீவனாம்சத்தை வசூலித்து உரியவரிடம் சேர்ப்பது அமெரிக்காவில் மாநில அரசின் வேலை. அதற்கு ஒவ்வொரு மாநிலமும் மாநிலம் முழுமைக்கும் ஒரே கணினி அமைப்பை உருவாக்க வேண்டும் என்று 1988-இல் சட்டம் வந்தது. கெடு 1995 அக்டோபர் 1. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கும். இவ்வளவு சலுகை இருந்தும், கெடு நாளில் மத்திய அரசின் சான்றிதழ் பெற்றிருந்தது மொன்டானா மட்டுமே. கெடுவை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தார்கள்.

கலிபோர்னியா 1992-இல் லாக்ஹீட் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அங்கே 58 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் ஜீவனாம்ச வசூல் அந்தந்த கவுண்டியின் அரசு வழக்கறிஞர் கையில் இருந்தது. அவர் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவின் உத்தரவுக்குக் காத்திருப்பவர் அல்ல. படிவமும் நடைமுறையும் ஊருக்கு ஊர் வேறு. லாஸ் ஏஞ்சலஸோ திட்டத்துக்குள்ளேயே வராமல் தனிக் கணினி வைத்துக்கொண்டது. இத்தனை நடைமுறைகளுக்கும் பொருந்தும்படி ஒரு மென்பொருளை எழுதப் பார்த்தார்கள். நடக்கவில்லை. சில கவுண்டிகள் வேண்டாம் என்று விலகின. 1997 நவம்பரில் ஒப்பந்தம் ரத்தானபோது 10 கோடி டாலருக்கும் மேல் கரைந்திருந்தது. நிறுவனமும் அரசும் சேர்ந்தே பொறுப்பு என்று மறு ஆண்டு மாநிலத் தணிக்கையாளர் எழுதினார்.

அது சரியான தீர்ப்புதான். ஆனால் கோளாறு மென்பொருளுக்கும் முன்னால் தொடங்கிவிட்டது என்பேன். அலுவலகம் ஒன்றாக இல்லாத இடத்தில் கணினி மட்டும் ஒன்றாக இருக்க முடியாது. 1999-இல் சட்டமன்றம் இதைப் புரிந்துகொண்டது. வசூல் வேலையை அரசு வழக்கறிஞர்களிடமிருந்து எடுத்து, இதற்கென்றே ஒரு மாநிலத் துறையை 2000 ஜனவரியில் தொடங்கியது. மென்பொருள் வாங்கும் பொறுப்பு மாநில வரி வாரியத்துக்குப் போனது. பெரிய கணினிகளோடு பழகிய வாரியம் அது, நல்ல முடிவு. 2003-இல் ஐபிஎம் தலைமையிலான கூட்டணியோடு சுமார் 80 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது.

இதற்குள் கெடு தவறியதற்கான அபராதம் ஓடிக்கொண்டிருந்தது. 1998-இல் வந்த சட்டப்படி, நிர்வாகச் செலவுக்கு மத்திய அரசு தரும் பங்கில் முதலில் 4 சதவீதம் பிடிப்பார்கள். பிறகு 8, 16, 25, கடைசியில் ஆண்டுக்கு 30. கலிபோர்னியா இப்படி இழந்தது மொத்தம் 100 கோடி டாலருக்கும் மேல். குழந்தைகளுக்கான ஒரு பணியைச் செய்யாததற்காக மக்களின் வரிப்பணம் போனது.

அப்படி என்ன கடினம் என்று கேட்கலாம். உதாரணத்துக்கு ஒரு தந்தை மாதம் 400 டாலர் கட்ட வேண்டும். பழைய பாக்கியும் இருக்கிறது. நடுவில் தாய் அரசு உதவித்தொகை வாங்கியதால் பாக்கியில் ஒரு பகுதி அரசுக்குச் சேர வேண்டியது. சம்பளத்தில் பிடித்த 500 டாலர் வருகிறது. முதல் 400 நடப்பு மாதத்துக்கு. மீதி 100 பாக்கிக்கு. தாய் உதவித்தொகையை விட்டுவிட்டிருந்தால் குடும்பத்தின் பாக்கி முந்தும். அதே பணம் வருமான வரித் திருப்பித்தொகையிலிருந்து பிடிக்கப்பட்டு வந்தால் வரிசை மாறும். அன்றைய விதிப்படி அரசின் பாக்கி முந்தும். தந்தைக்கு இன்னொரு குடும்பத்திலும் குழந்தை இருந்தால், சம்பளப் பிடித்தத்தை இரண்டு உத்தரவுகளுக்கும் பங்கிட வேண்டும். இதற்கு மேல் பாக்கிக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. பணம் வந்து சேர்ந்த இரண்டு வேலை நாட்களுக்குள் பட்டுவாடா முடிய வேண்டும். தந்தை ஃபிரெஸ்னோவிலும் தாய் சான் டியகோவிலும் இருக்கிற வழக்குகளில் பழைய கவுண்டிக் கணினிகள் தடுமாறியதில் வியப்பில்லை.

சான்றிதழ் தரும் மத்திய அதிகாரிகள் இந்த இடத்தைத்தான் உரசிப் பார்ப்பார்கள். கற்பனையான வழக்குகள் அடங்கிய சோதனைக் கட்டு ஒன்று உண்டு. அவற்றைக் கணினியில் ஏற்றி, பணம் செலுத்தி, ஒவ்வொரு டாலரும் எங்கே போய்ச் சேருகிறது என்று சரியான விடையோடு ஒப்பிடுவார்கள். பெற்றோரைத் தேடிக் கண்டுபிடிப்பது, தந்தை யார் என்று நிறுவுவது, வங்கிக் கணக்குகளோடு ஒத்துப் பார்ப்பது, பாஸ்போர்ட்டை நிறுத்த பட்டியல் அனுப்புவது, தகவல் பாதுகாப்பு என்று மற்றவற்றுக்கும் விதிகள் உண்டு. ஆனாலும் பணம் பிரிக்கும் கணக்கு தவறினால் சான்றிதழ் கிடையாது. அந்தக் கண்டிப்பு நியாயமானது. பிழையின் விலையைக் கொடுப்பது மாதக் கடைசியில் வாடகைக்குக் காத்திருக்கும் தாய்.

புதிய அமைப்பை ஒரே நாளில் திறக்காமல் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். மாநிலம் முழுக்க வேலை கொடுப்போர் அனுப்பும் காசோலைகள் மேற்கு சாக்ரமென்டோவின் ஒரே முகவரிக்கு வரத் தொடங்கின. 2006-இல் கலிபோர்னியா சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. 2008-இல் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பிறகும் எஞ்சி நின்ற மாநிலம் தென் கரோலினா.

1988-இல் சட்டம் வந்தபோது பிறந்த குழந்தைக்கு 2008-இல் 20 வயது. கலிபோர்னியாவில் ஜீவனாம்சக் கடமை பொதுவாக 18 வயதோடு முடிகிறது. பள்ளிப் படிப்பு தொடர்ந்தால் 19. பாக்கி மட்டும் காலாவதியாவதில்லை. கடைசி டாலர் தீரும்வரை அதை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது.