பழவேற்காட்டுக் கைலியும் நெசவாளன் கையும்

நூல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். நூற்கப்படும் இழையும் நூல். கற்கப்படும் ஏடும் நூல். இவ்விரு பொருளையும் ஒரே முடிச்சில் பிணைத்துக் காட்டியவர் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் பாயிரத்தில் உருவகம் செய்திருப்பதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். ஆயின், அதனை வியந்து பேசும் நம்முள் எத்தனை பேர் கதிர் சுழல்வதைக் கண்டிருக்கின்றோம்? தறிக்குழியில் கால் வைத்தவர் எத்தனை பேர்? கையால் நெய்வதன் இன்பமும் இடரும் யாவை என்பதை, நாம் நாள்தோறும் காணும் ஓர் எளிய துணியை முன்வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள துணிக்கடைகளுக்குச் செல்லும் நமக்குக் கட்டம் போட்ட கைலி புதிதன்று. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்லும் மலாய்ப் பெரியவரும் அதனை உடுத்துவார்; பால்மரம் வெட்டித் திரும்பி, மாலையில் லயத்து வாசலில் அமர்ந்த நம் பாட்டன்மாரும் அதனையே உடுத்தினர். நாம் அதனைக் கைலி என்கின்றோம். மலாய் நண்பர்கள் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது யாது? அதுவே பழவேற்காடு. ஐரோப்பியர் நாவில் புலிகாட் எனத் திரிந்து, மலாய் நாவில் பெலிக்காட் ஆயிற்று. நம் கடை மலாயில் கெடாய் எனவும், கப்பல் காப்பால் எனவும் வழங்குதலைப் பலரும் எடுத்துக் காட்டுவர். அவை வணிகர் கொணர்ந்த சொற்கள். பெலிக்காட் என்பதோ, கடல் கடந்து வாராத நெசவாளன் தன் துணியின் வழியே அனுப்பிவைத்த சொல்லாகும்.

துறைமுகமும் துணியும்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் கூடும் இடத்தில் உள்ளது. விசயநகர வேந்தர் காலத்தில் அது பெயர்பெற்ற துறைமுகம். அதன் சுற்றுப்புறத்திலும் சோழமண்டலக் கரையின் பிற ஊர்களிலும் தமிழரும் தெலுங்கருமாகிய நெசவாளர் நெய்த துணிகள் அங்கிருந்து கீழ்த்திசைக்குக் கப்பலேறின. அன்றைய மலாக்காவில் ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். வங்காளம், பெகு முதலிய நாட்டாரோடு சோழமண்டலக் கரை வணிகரையும் கவனித்தற்கு அவருள் ஒருவர் பொறுப்பாக இருந்தார். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின், 1512-க்கும் 1515-க்கும் இடையில் கீழ்நாடுகளைப் பற்றி எழுதிய தோமே பிரேஸ் என்பார், பழவேற்காட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த துணி வணிகத்தையும் குறித்துள்ளார்.

பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அவர்கள் நாடியது மிளகும் கிராம்பும் சாதிக்காயும். ஆயின், அவை விளையும் தீவுகளின் மக்கள் ஐரோப்பியப் பண்டங்களை அத்துணை விரும்பினாரல்லர். சோழமண்டலத் துணியைத் தந்தால் நறுமணப் பொருள்களைத் தந்தனர். ஆதலின், ஐரோப்பாவின் பெருவணிகம் நம் நெசவாளரின் கைத்திறனையே நாணயமாகக் கொண்டு நடந்தது எனின் மிகையாகாது.

இழை தரும் இடர்

இத்தகைய துணியை நெய்தல் எளிய செயலோ? ஒரு முறை வகுப்பில் கைலி ஒன்றை விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஓர் அங்குலத்தில் எத்தனை இழைகள் உள்ளன என்று எண்ணுமாறு மாணவரைப் பணித்தேன். ஒருவன் 58 என்றான். ஒருத்தி 61 என்றாள். இடையிலே எண்ணிக்கையை மறந்தவர் பலர். எனவே 60 என்றே வைத்துக்கொள்வோம். துணியின் அகலம் 45 அங்குலமானால், நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் 2,700 ஆகும். ஒரு கைலியின் நீளம் இரண்டு கெஜம், அஃதாவது 72 அங்குலம். குறுக்கே செல்லும் ஊடையும் அங்குலத்துக்கு 60 என்றால், ஒரு கைலிக்கு நாடா 4,320 முறை அங்குமிங்கும் ஓட வேண்டும். நூலின் அளவையும் காண்க. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு நூலில் 60 சிட்டம் இருந்தால் அது 60-ஆம் நம்பர் நூல். ஆகவே ஒரு பவுண்டில் 50,400 கெஜம். ஏறத்தாழ 28½ மைல். கோலாலம்பூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் புறப்பட்டால், கிள்ளானைக் கடந்து துறைமுகத்தைத் தொட்டபின்னும் கையில் நூல் எஞ்சியிருக்கும்.

பாவு ஓடியபின், விடியற்காலையில் அதனைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்ப்பர். கஞ்சி மிகுந்தால் இழை முறியும். குறைந்தால் பஞ்சாய்ப் பிரியும். திடீரென மழை வந்தால் குடும்பம் முழுவதும் ஓடிவந்து பாவைச் சுருட்ட வேண்டும். அதன்பின், தறியில் எஞ்சியிருக்கும் பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் முனைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். 2,700 இழைகளுக்கும் 2,700 பிணைப்பு. இரண்டு இழைகள் இடம் மாறினாலும் அப்பிழை பாவு முடியும் வரை துணியில் கோடாய்த் தொடரும்.

தறியில் அமர்ந்த பின்னரும் இடர் தீர்வதில்லை. அச்சினை ஓங்கி அடித்தால் ஊடை நெருங்கிக் கட்டம் குட்டையாகும். மெல்ல அடித்தால் கட்டம் நீளும். காலையில் அடித்த கையும் மாலையில் அடிக்கும் கையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கைலியின் உடலில் ஒரு வகைக் கட்டமும், ஓர் இடத்தில் மட்டும் அடர்ந்த வேறொரு பட்டையும் வரும். அப்பட்டையை மலாயர் 'கெப்பாலா' என்பர்; தலை என்பது பொருள். நாமும் சேலையில் அத்தகைய பகுதியைத் தலைப்பு என்றே சொல்லுகின்றோம். அதனைத் தொடங்கும் இடத்தில் ஊடையின் எண்ணிக்கை தவறினால் கைலி கெட்டது.

இவ்வளவு இடரிலும் இன்பம் எங்கே உள்ளது? அறுந்த இழையைக் கண் காணுமுன்பே விரல் கண்டுகொள்வதில் உள்ளது. துணியின் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கும்போது கட்டத்தோடு கட்டம் பொருந்துவதில் உள்ளது. இவ்வின்பம் இடருக்குப் புறம்பானதன்று. இடரின் உள்ளிருந்தே பிறப்பது. எளிதில் முடிவதை முடித்தவனுக்கு ஏது பெருமிதம்?

சந்தை தந்த துன்பம்

ஆயின், நெசவாளனுக்கு வேறொரு துன்பமும் இருந்தது. அது இழையால் வந்ததன்று, சந்தையால் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே நம்மவர் பலரும் செய்யும் பிழை. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் தந்து துணியை முன்னரே தமதாக்கிக் கொண்டனர். கடன் தீருமுன் அடுத்த முன்பணம் வந்தது. கீழ்நாட்டு மக்கள் தாம் பழகிய நிறத்தையும் கோலத்தையும் விட்டு எளிதில் மாறாதவர்கள். ஆதலின் வணிகர் மாதிரித் துணியை அனுப்பி, அதுபோலவே நெய்யச் சொல்வர். சிறிது வேறுபட்டாலும் விலை குறையும். அந்நட்டம் தறிக்கே வந்து சேரும்.

நிறத்திலும் இதே கதைதான். நீலத்துக்கு அவுரியும், சிவப்புக்குச் சாயவேர் எனப்படும் இம்பூறல் வேரும் சோழமண்டலத்தின் தனிச்செல்வங்கள். 1868-இல் செருமானிய வேதியியலார் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டினவன், சாயம் காய்ச்சினவன் ஆகியோரின் தலைமுறை அறிவு விலை போகாமல் நின்றது. ஆலை நூலும் ஆலைத் துணியும் பெருகின. தமிழகத்தில் கைத்தறித் துணிகள் தேங்கி நெசவாளர் வாடியபோது, 1953-இல் அறிஞர் அண்ணா முதலியோர் அவற்றைத் தோளில் சுமந்து தெருவில் விற்றதும் வரலாறு. 1985-இல் இந்திய நாடாளுமன்றம், சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்குதற்குச் சட்டம் இயற்றியது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் கைலியும் ஒன்று. ஆயினும் விசைத்தறியின் வேகத்தைச் சட்டம் ஒன்றே தடுத்துவிடக் கூடுமோ? இன்று நம் கடைகளில் பெலிக்காட் என்னும் பெயரோடு விற்பவற்றுள் பல, மனிதக் கை நாடா எறியாமல் உருவானவை. ஊரின் பெயர் நிலைத்தது. கையின் வேலை கைநழுவியது.

விசைத்தறியைப் பழிப்பது என் கருத்தன்று. ஏழைக்கு மலிவான உடை கிடைத்தது நன்றே. கைத்தொழில் அழிந்தது கடினமாய் இருந்ததால் என்று சொல்வதைத்தான் மறுக்கின்றேன். கடினத்தை நெசவாளன் வென்றான். தலைமுறை தலைமுறையாக வென்றான். அவனைத் தோற்கடித்தது, அவனது உழைப்புக்கு உரிய விலையைத் தராத ஏற்பாடு.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

கலைப் பாடத்தில் வண்ணத்தாளைக் கீற்றுகளாக நறுக்கி, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பின்னச் சொல்லுகின்றோம். தாள் கிழிந்தால் பிள்ளை அழுகின்றது. நேரம் போகின்றதே என்று நாமே அதனை வாங்கி முடித்துக் கொடுத்துவிடுகின்றோம். நானும் அவ்வாறு செய்தவனே. இப்போது எண்ணிப் பார்க்கையில், அழகான தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதன் இன்பத்தைப் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொண்டேன் என்றே தோன்றுகின்றது. கிழிந்த கீற்றை மாற்றி, பிழைத்த வரிசையைப் பிரித்து, மீண்டும் பின்னி முடிக்கும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளியே பழவேற்காட்டு நெசவாளனின் முகத்திலும் ஒரு நாள் தோன்றியது.

அடுத்த முறை வகுப்பிற்கு ஒரு கைலியைக் கொண்டு செல்லுங்கள். இழைகளை எண்ணச் சொல்லுங்கள். நிலப்படத்தில் பழவேற்காட்டையும் மலாக்காவையும் கிள்ளானையும் ஒரு நூலால் இணைக்கச் சொல்லுங்கள். அதன்பின் நூல் என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதன் இரு பொருளையும் நாம் விளக்க வேண்டியதில்லை, பிள்ளைகளே சொல்லுவர்.