சைலன்சருக்குள் ஒரு நெர்ன்ஸ்ட் விளக்கு

இப்போது வருகிற எந்த பெட்ரோல் காரை எடுத்தாலும், என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் ஸ்பார்க் பிளக் சாயலில் ஒரு சாமான் திருகியிருக்கும். பின்னால் ஒயர் வால். அதுதான் ஆக்ஸிஜன் சென்ஸர். செக் என்ஜின் லைட் எரிந்தால் மெக்கானிக்குகள் முதலில் சந்தேகப்படுவதும் இதைத்தான், பல நேரம் அநியாயமாக. இது எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் கார் கம்பெனியில் போய் நிற்கவில்லை, ஒரு மின்விளக்கில் போய் நின்றது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

1897. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற வேதியியல் பேராசிரியர். எடிசன் பல்பில் அப்போது கார்பன் இழைதான். வெளிச்சம் மஞ்சள், கரண்டும் தின்னும். நெர்ன்ஸ்ட் இழைக்குப் பதிலாக ஒரு பீங்கான் குச்சியை வைத்தார். சிர்கோனியா என்ற சிர்கோனியம் ஆக்சைடு, அதோடு கொஞ்சம் யிட்ரியா. பீங்கானில் கரண்ட் பாயாது என்றுதானே படித்திருக்கிறோம்? குளிர்ந்திருக்கும்போது பாயாது. நன்றாகச் சூடேற்றினால் பாயும், குச்சி வெள்ளை வெளேரென்று ஒளிரும். காற்று உறிஞ்சிய கண்ணாடிக் குமிழ்கூட வேண்டாம், ஏனென்றால் அது ஏற்கெனவே ஆக்சைடு, மேற்கொண்டு எரிய ஒன்றுமில்லை. ஏஇஜி கம்பெனி பெரிய தொகை கொடுத்து உரிமையை வாங்கியது. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் எடுத்துக்கொண்டது.

ஒரே தொல்லை, சுவிட்சைப் போட்ட உடனே எரியாது. முதலில் குச்சியைச் சூடாக்க வேண்டும். அதற்கென்று பக்கத்தில் ஒரு ஹீட்டர் கம்பிச்சுருள் வைத்தார்கள். இந்த ஹீட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. சில வருடங்களில் உலோக இழை பல்புகள் வந்தன, நெர்ன்ஸ்ட் விளக்கு மறைந்துபோனது. நெர்ன்ஸ்ட் வேறு ஆராய்ச்சிக்காக 1920ஆம் ஆண்டு நோபல் பரிசு வாங்கினார்.

அந்தக் குச்சியில் ஓடியது எலக்ட்ரான் அல்ல, ஆக்ஸிஜன். சிர்கோனியம் அணு உட்கார வேண்டிய சில இடங்களில் யிட்ரியம் உட்கார்ந்துவிடும். அதன் மின்சுமை ஒன்று குறைவு. கணக்கு சரியாக வர வேண்டுமே, அதனால் படிகத்தில் அங்கங்கே ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய நாற்காலி காலியாக விடப்படும். சூடு ஏறினால் ஆக்ஸிஜன் அயனிகள் ஒரு காலி நாற்காலியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகும். இதை கார்ல் வாக்னர் 1943இல் விளக்கினார். விளக்கு செத்து எத்தனையோ வருடம் ஆன பிறகு!

இப்போது அந்தப் பீங்கானை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெளிக்காற்று, 21 சதவீதம் ஆக்ஸிஜன். மறுபக்கம் ஆக்ஸிஜன் குறைவான ஏதோ ஒரு வாயு. அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் போக அயனிகள் முண்டும். அந்த முண்டலே வோல்டேஜ். எவ்வளவு வோல்டேஜ் என்பதற்கான சமன்பாட்டையும் இதே நெர்ன்ஸ்ட் 1889இலேயே எழுதி வைத்திருந்தார். ஆக, பொருளும் அவருடையது, கணக்கும் அவருடையது. இரண்டையும் சேர்த்து ஆக்ஸிஜன் அளக்கும் கருவி என்று 1961இல் வைஸ்பார்ட், ரூகா என்ற இருவர் காட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்த இடம் வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிக்கூடம். அமெரிக்காவில் நெர்ன்ஸ்ட் விளக்கு செய்த அதே கம்பெனி!

சரி, இதைக் காருக்குள் யார் கொண்டுவந்தது? அதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் போக வேண்டும். 1943 ஜூலையில் அந்த நகரத்தைக் கண்ணெரிச்சல் தரும் ஒரு மூட்டம் மூடியது. போர்க்காலம், ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று சிலர் பயந்தார்கள். கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர், அதே முறைகளை வைத்து ஊர்க் காற்றையும் சோதித்தார். 1950களின் ஆரம்பத்தில் அவர் சொன்ன பதில், கார் புகையில் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து சமைப்பதுதான் இந்த மூட்டம் என்பது. எதிர்ப்பு நிறைய வந்தது. ஆனால் அதுதான் உண்மை. 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, கார் புகையில் முக்கியமான நச்சுகளை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. எப்படி என்று சொல்லவில்லை. குறை, அவ்வளவுதான்.

இங்கேதான் சிக்கல். புகையில் குறைக்க வேண்டியவை மூன்று: கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டையும் ஒழிக்க ஆக்ஸிஜனைச் சேர்க்க வேண்டும். மூன்றாவதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே டப்பாவுக்குள் இரண்டு எதிரெதிர் வேலை. எங்கெல்ஹார்ட் கம்பெனியின் கார்ல் கீத், ஜான் மூனி குழு 1970களின் தொடக்கத்தில் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கேட்டலிஸ்டைச் செய்து காட்டியது. ஆனால் ஒரு நிபந்தனை. 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற புள்ளியைச் சுற்றி மிகக் குறுகிய ஒரு இடைவெளியில் மட்டும்தான் மூன்றும் ஒன்றாக அழியும். பெட்ரோல் கூடினால் (ரிச்) மோனாக்சைடு தப்பும், காற்று கூடினால் (லீன்) நைட்ரஜன் ஆக்சைடு தப்பும். கார்புரேட்டர் என்ற பழைய சாமானால் அந்தக் குறுகல் சந்தில் நிற்கவே முடியாது.

பாஷ் கம்பெனி 1960களின் கடைசியிலிருந்தே சிர்கோனியா விரலுறை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இருபுறமும் பிளாட்டினம் பூச்சு, உள்ளே வெளிக்காற்று, வெளியே புகை. சரியான விகிதத்திற்குப் பொறியாளர்கள் வைத்த குறி லாம்டா. அதனால் பெயர் லாம்டா சோண்டே. 1976இல் வால்வோ அதைக் கலிபோர்னியாவுக்கான 1977 மாடல் காரில், பெட்ரோல் இன்ஜெக்ஷனோடும் மூன்றுவழி கேட்டலிஸ்டோடும் சேர்த்து விற்றது. காரின் முன் கிரில்லில் ‘லாம்டா சோண்ட்’ என்று பட்டயம் வேறு. ஒரு சென்ஸருக்காகக் காரின் நெற்றியில் பெயர் எழுதியது வேறெங்கேயும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

என்னைப் போல சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும் இடம் இனிமேல்தான். இந்த சென்ஸருக்கு அளவு சொல்லத் தெரியாது. லீன் என்றால் சுமார் 0.1 வோல்ட், ரிச் என்றால் சுமார் 0.9 வோல்ட். நடுவில் செங்குத்தான பள்ளம். காரணம், பிளாட்டினம் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் மோனாக்சைடையும் அங்கேயே எரித்துவிடும். பெட்ரோல் கொஞ்சம் கூடினால் போதும், மிஞ்சும் ஆக்ஸிஜன் நூற்றில் ஒன்றிலிருந்து ஒரேயடியாக, தசமப் புள்ளிக்குப் பின் இருபது இடம் தள்ளிப் போய்விடும். ஆக அது தரும் பதில் ஆமாம்/இல்லை மட்டும், ஒரு பூலியன். அதை வைத்து கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ரிச் என்றால் பெட்ரோலைக் குறைக்கும், லீன் என்றால் கூட்டும். நொடிக்கு ஓரிரு தடவை இப்படி ஊசலாடிக்கொண்டே இருக்கும். சராசரி 14.7இல் நிற்கும். துல்லியமாக நிற்க முடியாது, ஆனால் துல்லியத்தைச் சுற்றி ஆட முடியும். எவ்வளவு ரிச் என்று அளவாகச் சொல்லும் வைட்பேண்ட் சென்ஸர்கள் 1990களில்தான் வந்தன.

இன்னொரு குறை இருந்தது. சுமார் 300 டிகிரிக்குக் கீழே இந்தப் பீங்கான் வாயே திறக்காது. காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் நிமிடங்கள், அதாவது புகை அதிகமாக வரும் நேரம், கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓடும். 1982இல் பாஷ் சென்ஸருக்குள் ஒரு ஹீட்டர் வைத்தது. 1897இல் விளக்குக்கு இருந்த அதே வியாதி, அதே மருந்து!

நம்ம ஊருக்கு இது வந்த வரிசை வேடிக்கையானது. கேட்டலிஸ்டை ஈயம் கொன்றுவிடும், சென்ஸரையும்தான். அதனால் ஈயமில்லாத பெட்ரோல் வேண்டும். 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிஸ்ட் கட்டாயம். நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல் 2000இல். ஆனால் 1995இல் நம் ரோட்டில் ஓடிய பல கார்களுக்குக் கார்புரேட்டர்தான். கேட்டலிஸ்ட் வந்துவிட்டது, அதற்கு வழிகாட்டும் சென்ஸர் வரவில்லை. பைக்குகளுக்கு அது பரவலாக வந்து சேர 2020 ஏப்ரல், பிஎஸ்-6 வரை ஆனது.

ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது ஈயம் போனதுதான். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று சொல்லிப் பல வருடம் போராடியும் அசையாத ஈயம், ஒரு டப்பாவைக் காப்பாற்றுவதற்காக முதலில் வெளியேறத் தொடங்கியது.

சரி, இவ்வளவு தெரிந்தால் வண்டியைப் பராமரிக்க என்ன லாபம்? ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்: இதற்கு பெட்ரோல் வாசனை தெரியாது, ஆக்ஸிஜன் வாசனை மட்டும்தான் தெரியும். ஸ்பார்க் பிளக் ஒன்று சரியாக எரிக்காவிட்டால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வரும். சென்ஸர் ‘லீன்’ என்று கத்தும், கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் ஊற்றும். சென்ஸருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் மெல்லிய ஓட்டை இருந்து காற்று உள்ளே போனாலும் இதே கதை. மைலேஜ் இறங்கும், லைட் எரியும், சென்ஸரை மாற்றுவார்கள், பத்து நாளில் மறுபடி எரியும். சென்ஸர் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

அதுவும் சாகும், இல்லை என்று சொல்லவில்லை. எரியும் என்ஜின் ஆயில், கூலன்ட் கசிவு, மெக்கானிக் தாராளமாகப் பூசும் சாதாரண சிலிக்கான் பசை, இவை பீங்கான் மேல் படிந்து அதன் ஊசலாட்டத்தை மந்தமாக்கும். ஹீட்டர் கம்பி அறுந்து போவதும் சகஜம். வெறும் கரி மட்டும் படிந்திருந்தால் சூட்டில் தானே எரிந்துவிடும். பெட்ரோலில் ஊறவைத்து ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் நல்ல சென்ஸரும் கெடும்.

ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள், கனெக்டரில் கிரீஸும் திணிக்காதீர்கள். உள்ளே ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும் என்றேன் இல்லையா? பல சென்ஸர்களில் அந்தக் காற்று போகிற வழியே ஒயர் இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான்.