இருந்தால் சேர்ந்து, இல்லையென்றால் தனியாக

என் முதல் வேலையில் நான் எழுதிய முதல் டிரைவர், போக வேண்டிய இடத்துக்குப் போனதும் படுத்துவிட்டது.

பேட்டரி சார்ஜ் ஏறுவதைக் கவனித்துக்கொள்ளும் சின்ன டிரைவர் அது. அதே போர்டில் ஒரு வெப்பநிலை சென்சாரும் இருந்தது. அதற்குத் தனி டிரைவர். சூட்டைப் பார்த்து சார்ஜ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாமே என்று, சென்சார் டிரைவரில் இருந்த ஒரு ஃபங்ஷனை என் டிரைவரிலிருந்து நேராகக் கூப்பிட்டிருந்தேன். என் மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனால் அதே போர்டுக்கு விலை குறைந்த தம்பி ஒன்றும் உண்டு. செலவை மிச்சம் பிடிக்க அதில் சென்சாரை எடுத்திருந்தார்கள். சென்சாரே இல்லாததால் அதன் டிரைவரையும் சேர்க்கவில்லை. அதில் என் மாட்யூலை ஏற்றியபோது வந்தது ஒரே ஒரு வரி: தெரியாத சிம்பல். அவ்வளவுதான். சார்ஜே ஏறவில்லை.

கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, சூடு தெரியலன்னா சார்ஜே ஏறக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே."

"நீதான் சொல்லியிருக்க. சூடு தெரிஞ்சா வேகமா ஏத்து, தெரியலன்னா மெதுவா ஏத்து. அவ்வளவுதானே விஷயம்? அதைச் சொல்லத் தெரியாம, அது இல்லன்னா நானும் இல்லன்னு எழுதி வச்சிருக்க."

அன்று சாயங்காலம் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன்தான் லினக்ஸ் கெர்னலின் பழைய வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். 'நீ இருந்தால் சேர்ந்து செய்வோம், இல்லையென்றால் நான் தனியாகச் செய்துகொள்கிறேன்' என்ற எளிய வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொள்ள, உலகின் கெட்டிக்கார நிரலாளர்களுக்கும் இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

*

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. நினைவகம், வட்டு, திரை, வலை என எல்லா வன்பொருளையும் நேரடியாகத் தொடும் உரிமை அதற்கு மட்டும்தான். ஒவ்வொரு வன்பொருளோடும் பேசத் தெரிந்த துண்டுக்குப் பெயர் டிரைவர். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டபோது இந்த டிரைவர்கள் எல்லாம் கருவோடு ஒரே கட்டியாக இருந்தன. 1992 ஜனவரியில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், இப்படி ஒற்றைக் கட்டியாகக் கட்டுவது பழைய காலத்து முறை என்று கடுமையாக விமர்சித்தார். கருவைச் சின்னதாக வைத்துக்கொண்டு மற்றதை வெளியே தனித்தனி நிரல்களாக ஓடவிட வேண்டும் என்பது அவர் பக்கம். லினஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் ஒற்றைக் கட்டிக்கு ஒரு நடைமுறைத் தொல்லை இருந்தது. யார் வீட்டுக் கணினியில் என்ன அட்டை இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. எல்லா டிரைவரையும் சேர்த்துக் கட்டினால் கெர்னல் வீங்கிவிடும். அன்றைக்கு 4 எம்பி நினைவகமே சாதாரணம், ஃப்ளாப்பியில் கொள்ளளவு 1.44 எம்பி. வேண்டியதை மட்டும் சேர்த்தால், புது அட்டை வாங்கும்போதெல்லாம் கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

இதற்கு வழியாக வந்தவைதான் மாட்யூல்கள்: ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஏற்றவும் இறக்கவும் முடிகிற துண்டுகள். 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பிலேயே இவை உண்டு. தேவைப்படும்போது மாட்யூலைத் தானாக ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு அடுத்து வந்தது. முதலில் அதை கெர்னல்டி என்ற வெளி நிரல் செய்தது; 1999இன் 2.2 பதிப்பில் கேமாட் என்று கெர்னலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

மாட்யூல் ஏறும் விதத்தைக் கொஞ்சம் பார்த்தால்தான் என் டிரைவர் ஏன் படுத்தது என்று புரியும். மாட்யூலுக்குள் பல இடங்கள் நிரப்பப்படாமல் இருக்கும்: 'இந்தப் பெயருள்ள ஃபங்ஷன் எங்கே இருக்கிறதோ அதன் முகவரியை இங்கே போடு' என்று. அந்தப் பெயர்தான் சிம்பல். ஏற்றும் நேரத்தில் எல்லா இடங்களும் நிரப்பப்பட வேண்டும். ஐம்பது சிம்பலில் நாற்பத்தொன்பது கிடைத்து ஒன்று கிடைக்கவில்லை என்றாலும் மாட்யூல் ஏறாது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டவர்களில் ஒருவர் வரவில்லை என்று தாலி கட்டாமல் மண்டபத்தையே பூட்டிவிடுகிற கதை.

முகவரி தெரியாத இடத்துக்குக் கெர்னல் தாவினால் மொத்தக் கணினியும் விழும் என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானதுதான். ஆனால் உறவுகள் எல்லாமே 'நீயின்றி நானில்லை' வகையைச் சேர்ந்தவையா?

*

இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த இடங்களில் ஒன்று கிராஃபிக்ஸ். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஏஜிபி என்ற புதுவகை இணைப்பு வந்தது. அதில் செருகிய அட்டை, கணினியின் பொது நினைவகத்தையும் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கென ஒரு டிரைவர். முப்பரிமாணக் காட்சிகளுக்கு டிஆர்எம் என்ற வேறொரு டிரைவர். ஏஜிபி இருந்தால் டிஆர்எம்முக்கு லாபம். ஆனால் பழைய பிசிஐ அட்டை வைத்திருப்பவரிடம் ஏஜிபியே இருக்காது. அவருக்கும் படம் தெரிய வேண்டும்.

2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு இதற்கு ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டியது. பெயர் இன்டர்மாட்யூல். ஏஜிபி டிரைவர் ஏறியதும் 'டிஆர்எம் ஏஜிபி' என்ற பெயரில் தன் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியலை அதில் ஒட்டிவைக்கும். டிஆர்எம் வந்து அந்தப் பெயரைத் தேடும். இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் தன் வழியே போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு ஓட்டைகள். பலகையில் ஒட்டியது வெறும் முகவரி. அங்கே இருப்பது எந்த வகை என்று கம்பைலருக்குத் தெரியாது, எனவே தப்பாகப் பயன்படுத்தினாலும் எச்சரிக்காது. இரண்டாவது, நேரம். இரண்டு டிரைவர்களும் மாட்யூலாக இல்லாமல் கெர்னலோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தால், பூட் ஆகும்போது யார் முதலில் எழுந்திருப்பது என்பது வேறெங்கோ தீர்மானமாகிறது. தேடுபவர் முதலில் வந்துவிட்டால் பலகை காலியாக இருக்கும். ஆள் வீட்டிலேயே இருக்கிறார், இன்னும் தூங்கி எழவில்லை. கேட்டவரோ 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தேன். 'இல்லை' என்பதற்கும் 'இன்னும் வரவில்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கெர்னலில் மட்டும் இருக்கும் பிரச்சினை இல்லையே.

*

2002 நவம்பரில், 2.5.48 என்ற சோதனைப் பதிப்பில், ஆஸ்திரேலியாக்காரர் ரஸ்டி ரஸல் மாட்யூல் ஏற்றும் முறையையே திருப்பி எழுதினார். சிம்பல்களை இணைக்கும் வேலை அதுவரை வெளியே ஒரு கருவியில் நடந்தது. அவர் அதைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். கூடவே சிம்பல்கெட் என்ற வசதியும் வந்தது. ஒரு சிம்பலைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். இருந்தால் முகவரி வரும், இல்லையென்றால் வெறுமை வரும். வகை சரியா என்று கம்பைலரும் பார்த்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. முகவரி கிடைத்த அந்தக் கணமே, அந்த மாட்யூலைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் ஒன்று கூடும். திருப்பிக் கொடுக்கும்வரை அந்த மாட்யூலை யாராலும் இறக்க முடியாது. ஏனென்றால் 'இருக்கிறாயா?' என்று கேட்பது பாதி வேலைதான். 'இருக்கிறேன்' என்ற பதில் வந்து, நாம் கூப்பிடுவதற்குள் அது எழுந்து போய்விட்டால்? காலியான முகவரிக்குக் கெர்னல் தாவும், எல்லாம் முடிந்தது. கேள்வியும் கைப்பிடிப்பும் ஒரே செயலாக இருக்க வேண்டும். மாட்யூலை இறக்குவது எவ்வளவு சிக்கலானது என்றால், அந்த வசதியே இன்றும் கெர்னலைக் கட்டும்போது வேண்டுமா வேண்டாமா என்று தேர்வு செய்யும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கையைப் பிடித்தால் விட வேண்டுமே. 2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் சில்லு வந்தபோது இது பெரிதானது. எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகும் ஒலியின் வன்பொருள் அதில் கிராஃபிக்ஸ் பகுதியின் மின்சாரத்தை நம்பியிருந்தது. படம் காட்டாத நேரத்தில் கிராஃபிக்ஸ் டிரைவர் மின்சாரத்தை நிறுத்தினால் ஒலி டிரைவரின் காலடி காலி. ஆகவே ஒலி டிரைவர் கிராஃபிக்ஸ் டிரைவரிடம் 'கொஞ்சம் நிறுத்தாதே' என்று சொல்ல வேண்டும். அதே ஒலி டிரைவர்தான் இன்டெல் கிராஃபிக்ஸே இல்லாத எத்தனையோ கணினிகளிலும் ஓடுகிறது. அங்கே யாரிடம் சொல்வது? முதலில் சிம்பலைக் கேட்டு வாங்கும் முறையைத்தான் பயன்படுத்தினார்கள். 2015இல் அதை விட்டு வேறு முறைக்குப் போனார்கள். காம்பொனன்ட் என்று பெயர். ரஸல் கிங் என்பவர் எழுதி 2014இல் கெர்னலில் சேர்ந்தது. இரண்டு டிரைவர்களும் தங்கள் வரவை ஒரு மூன்றாம் இடத்தில் பதிவு செய்யும். இருவரும் வந்தபிறகு அந்த மூன்றாம் ஆள் இணைத்து வைப்பார். ஒருவர் கிளம்பினால் மற்றவருக்குத் தகவல் சொல்லி முறையாகப் பிரித்து வைப்பார். யார் முதலில் வந்தார் என்ற கேள்வியே அங்கே இல்லை.

*

இதெல்லாம் ஓடும் நேரத்துக் கதை. எனக்குப் பிடித்தது இதற்கு முந்தைய கட்டம்: கெர்னலைக் கட்டும் நேரம். அதே 2002இல் ரோமன் சிப்பல் எழுதிய கேகான்ஃபிக் மொழி கெர்னலுக்குள் வந்தது. எந்த டிரைவர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மொழி அது. அதில் ஒரு டிரைவருக்கு மூன்று நிலைகள்: ஒய் என்றால் கெர்னலோடு சேர்ந்தது, எம் என்றால் மாட்யூல், என் என்றால் கிடையாது. எண்ணாகப் பார்த்தால் 2, 1, 0. 'அல்லது' என்றால் இரண்டில் பெரியது. 'மற்றும்' என்றால் சிறியது. 'அல்ல' என்றால் 2இலிருந்து கழிப்பது.

இந்த மொழியில், விருப்பமான சார்பைச் சொல்ல ஒரு வழக்கு உருவானது. சார்ஜ் டிரைவர் எதைச் சார்ந்தது? 'சென்சார், அல்லது சென்சார் அல்லாதது.' முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். மழை பெய்யும், அல்லது பெய்யாது என்று ஜோசியம் சொல்வதுபோல இருக்கிறதே, இதில் என்ன விதி இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்சார் 2 என்றால், 2க்கும் 0க்கும் பெரியது 2. சார்ஜ் டிரைவர் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். சென்சார் 0 என்றாலும் 0க்கும் 2க்கும் பெரியது 2, தடையில்லை. சென்சார் 1 என்றால்? 2இலிருந்து 1 போனால் மறுபடி 1தான். பெரியது 1. அதாவது சென்சார் மாட்யூலாக இருந்தால், சார்ஜ் டிரைவரும் மாட்யூலாகத்தான் இருக்கலாம். கெர்னலோடு சேர்த்துக் கட்ட முடியாது. சரியாக அதுதான் வேண்டும். கெர்னலோடு ஒட்டிக் கட்டியதன் முகவரிகள் எல்லாம் கட்டும்போதே நிரம்பியாக வேண்டும். பின்னால் ஏறப்போகும் மாட்யூலின் முகவரி அப்போது யாருக்கும் தெரியாது.

1920இல் போலந்துத் தர்க்கவியலாளர் யான் லூக்காசியேவிச் உண்மை, பொய் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மதிப்பை முன்வைத்தார். நாளை நடக்கப்போவதைப் பற்றிய வாக்கியம் இன்று உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல என்பது அவர் கவலை. அவருடைய 'அல்லது'வும் 'அல்ல'வும் கேகான்ஃபிக்கின் கணக்கேதான். 'ஒன்று உண்டு, அல்லது இல்லை' என்ற பழைய விதி அங்கே நடு மதிப்பில் உடைகிறது. அந்த உடைசலில்தான் நம் விதி உட்கார்ந்திருக்கிறது. மாட்யூல் என்பதும் நாளை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிற வகைதானே.

2016இல் நிக்கோலா பித்ர் இன்னொரு சொல்லைச் சேர்த்தார்: இம்ப்ளை. வலை அட்டை டிரைவர்கள் பல, பிடிபி என்ற துல்லிய நேரக் கடிகார வசதியைக் கட்டாயமாக உள்ளே இழுத்துவந்தன. சின்னக் கருவிகளுக்கு அது சுமை. இம்ப்ளை என்றால் பரிந்துரை: போட்டுக்கொள், வேண்டாமென்றால் எடுத்துவிடு. அதோடு, கடிகாரத்தைப் பதிவு செய்யும் ஃபங்ஷன் தரும் பதில்களும் மூன்றாகின. வெற்றி என்றால் முகவரி. முயன்று தோற்றால் பிழை எண். அந்த வசதியே கட்டப்படவில்லை என்றால் வெறும் சூன்யம். தோல்வி வேறு, இல்லாமை வேறு. இரண்டையும் டிரைவர் தனித்தனியாகக் கையாள வேண்டும்.

என் டிரைவருக்குத் தெரியாமல் போனது இதுதான். சென்சார் இல்லாததை அது தோல்வியாகக் கருதியது.

*

மறுநாள் காலை மூன்று மாற்றங்கள் செய்தேன். சென்சார் கட்டப்படாத கெர்னலுக்கென்று, சூன்யத்தைத் திருப்பித் தரும் ஒரு காலி ஃபங்ஷனை ஹெடர் கோப்பில் வைத்தேன். 'சென்சார், அல்லது சென்சார் அல்லாதது' என்ற வரியைச் சேர்த்தேன். சூன்யம் வந்தால் மெதுவாக ஏற்று, பிழை வந்தால் பதிவேட்டில் எழுதிவிட்டு மெதுவாக ஏற்று, சூடு தெரிந்தால் வேகமாக ஏற்று என்று பிரித்தேன். மொத்தம் இருபது வரிகூட இருக்காது.

மலிவு போர்டில் ஏற்றினோம். பச்சை விளக்கு மெதுவாகக் கண் சிமிட்டியது.

அண்ணன் பார்த்துவிட்டு, "இப்ப அது தனியா நிக்குது" என்றார். பிறகு பக்கத்திலிருந்த விலை கூடிய போர்டைக் காட்டினார். "அதுலயும் ஒரு தடவை பாத்துரு. தனியா நிக்கப் பழகுனது, ஆள் இருக்கும்போது கண்டுக்காம போயிரக் கூடாது."

அதிலும் பார்த்தேன். அங்கே சார்ஜ் வேகமாக ஏறியது.