ஒரு றகரமும் கல்முனைக் கரையின் இதழ்களும்

இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். மறுப்பின் அடிப்படை வலுவானது: மொழி ஒன்று என்பதால் இனமும் ஒன்றாகிவிடாது. ஆனால் அங்கே நிற்காமல், தமிழ் வணிகத்தின் பொருட்டுச் சோனகரிடம் வந்து ஒட்டிய மொழி என்னும் அளவுக்கு அஸீஸ் போகிறார். முரண்பட வேண்டிய இடம் அதுதான்.

பேருவளைத் துறைமுகத்தில் நின்று பார்ப்பவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் அந்த வாதம் கால் ஊன்றாது. இங்கே வயலும் தறியும் கடலும் தமிழில்தான் பேசப்படுகின்றன. தாய்வழியே குடி எண்ணும் வழக்கமும் முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொது.

அஸீஸுக்கு எதிரான சான்று இதழியலிலேயே இருக்கிறது. 1882 டிசம்பர் 21இல் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். மூன்றே வாரத்தில், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். இஸ்லாமிய உலகின் சேதியையும் இலங்கை முஸ்லிம்களின் கல்விக் கவலையையும் அந்த இதழ் தமிழில்தான் பேசியது. அதன் ஆசிரியரே 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலையும் எழுதினார். கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் வைத்திருக்கும் மொழியில் எவரும் நாவல் எழுதத் துணிவதில்லை.

அஸீஸின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1889இல்தான் சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனி உறுப்பினர் கிடைத்தார். இராமநாதனின் வாதம் வென்றிருந்தால் அந்தத் தனித்துவமே கேள்விக்குள்ளாகியிருக்கும். அஸீஸின் கடுமைக்கு அந்த அச்சம் காரணம் எனலாம்.

இக்கரையின் தமிழ் இரு சமூகத்துக்கும் பொது என்பதற்கு இனி ஒரு சிறு சான்று, ஓர் ஊர்ப்பெயரிலிருந்து. கல்முனையை ஒட்டிய நற்பிட்டிமுனை, அச்சில் 'நட்பிட்டிமுனை' என்றும் வருகிறது. ஈழத்து நாவில் பகரத்துக்கு முன் வரும் றகரம் டகரம்போல் ஒலிக்கும். செவி கேட்டதைக் கை எழுதிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அவ்விடத்தில் 'டீ' எழுத்தே விழுகிறது. டகர வடிவத்தைக் கண்டு 'நட்பு' என்று பொருள் கொள்வது இனிமையானது, ஆனால் பொருந்தாது. பிட்டி என்றால் மேடு. மணற்பிட்டி என்ற ஊரும் கிழக்கில் உண்டு. நல்லும் பிட்டியும் புணர்ந்தால் நற்பிட்டி. ஆகவே றகரமே மூலம் என்று உறுதியாகச் சொல்லலாம், டகர வடிவம் எப்போது தொடங்கியது என்பதற்கு ஆண்டு குறிக்க இயலாவிட்டாலும். பெயரிட்டவர் முஸ்லிமா தமிழரா என்பதை எழுத்து காட்டாது. இரு சமூகமும் வாழும் ஊர் இது.

ஊர்ப்பெயரைத் தோளில் சுமக்கும் வழக்கமும் இக்கரைக்கு உரியது. பெரியநீலாவணைச் சின்னத்துரை நீலாவணன் ஆனார்; மருதமுனையின் ஹனிபா மருதூர்க்கனி ஆனார். நீலாவணன் நடத்திய 'பாடும் மீன்' சில இதழ்களோடு நின்றது. அறுபதுகளின் இறுதியில் எம்.ஏ. நுஃமான் கல்முனையிலிருந்து 'கவிஞன்' இதழைக் கொண்டுவந்தார், கவிதைக்கென்றே. ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம். நீலாவணன் மறைந்த மறு ஆண்டு, 1976இல், அவருடைய 'வழி' தொகுப்பு நுஃமானின் முயற்சியால் வெளிவந்தது. வந்து ஒட்டிய மொழி என்ற வாதத்தை இந்த நூலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அஸீஸுக்கு வாய்க்கவில்லை.

பழைய தாள்களில் நற்பிட்டிமுனையைத் தேடுபவர் றகரத்திலும் டகரத்திலுமாக இருமுறை தேட வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் ஊர்ச் செய்திகள் பல கண்ணில் படாமலே போகும்.